அல்சைமர் நினைவிழப்புக்கு மருந்து இலக்கு தேடுவது எப்படி? புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

பயோடெக், பார்மசி, பயோஇன்ஃபர்மேடிக்ஸ் படிக்கிற இறுதியாண்டு மாணவர்களிடம் அல்சைமரில் ஒரு புராஜெக்ட் செய்யச் சொன்னால் பெரும்பாலும் ஒரே இடத்தில் போய் நிற்பார்கள். அசிடைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியின் முப்பரிமாண அமைப்பை இறக்கிக்கொள்வார்கள். வல்லாரையிலோ நீர்ப்பிரமியிலோ இருக்கிற சேர்மங்களை அதில் டாக்கிங் செய்வார்கள், அதாவது ஒவ்வொரு சேர்மமும் நொதியில் எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது என்று கணினியில் பார்ப்பார்கள். ஸ்கோர் நன்றாக வந்ததும் அறிக்கை தயார். வல்லாரை மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. ஆனால் இலக்கு தேடும் வேலை இதில் எங்கேயுமே நடக்கவில்லை. அந்த நொதியைத் தடுக்கும் அல்சைமர் மருந்தான டோனெபெசில் 1996லேயே அமெரிக்காவில் அனுமதி வாங்கிவிட்டது. உடம்பில் உள்ள எந்தப் புரதத்தைக் கூட்டினால் அல்லது குறைத்தால் நினைவு தங்கும் என்று கண்டறிவதுதான் இலக்குத் தேடல். டாக்கிங் எல்லாம் அதற்கு வெகுநாள் கழித்து வருவது.

லேப் வசதி இல்லாமல், ஒரு மடிக்கணினியும் இணையமும் மட்டும் வைத்துக்கொண்டு தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கீழே சொல்லும் தளங்களைப் பார்க்கக் காசு வேண்டாம். வேலை முடியும்போது ஒரே ஒரு புரதமும், அதை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று ஒரு பக்க வாதமும் கையில் இருந்தால் போதும்.

1. எதைக் காப்பாற்றப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

"அல்சைமருக்கு மருந்து" என்பது வேலை செய்யக்கூடிய கேள்வியே இல்லை. மூளையில் அமிலாய்டு என்ற புரதத் துண்டு படிவது, நியூரான் என்ற நரம்புச் செல்லுக்குள் டௌ புரதம் முறுக்கிக்கொண்டு சேர்வது, மைக்ரோகிளியா என்ற காவல் செல்கள் கிளர்ந்தெழுவது, நியூரான்கள் ஒன்றோடொன்று பேசும் இணைப்புகளான சினாப்ஸ்கள் உதிர்வது, கடைசியில் நியூரானே சாவது என்று பல சங்கதிகள் பல வருடங்களாக நடக்கின்றன. இவற்றில் நினைவிழப்போடு நெருக்கமாகப் பொருந்துவது சினாப்ஸ் இழப்பு. ராபர்ட் டெரியும் கூட்டாளிகளும் 1991லேயே இதைக் காட்டினார்கள். டௌ முறுக்குகளும் ஓரளவு பொருந்தும். அமிலாய்டு படிவின் அளவோ நினைவோடு அவ்வளவாக ஒத்துப்போவதில்லை.

இது ஏன் முக்கியம் என்றால், அமிலாய்டைத் துடைத்தெடுக்கும் லெகானமாப் மருந்தின் முடிவைப் பாருங்கள். 1,795 பேரிடம் 18 மாதம் நடந்த சோதனை. படிவுகள் நன்றாகவே குறைந்தன. ஆனால் நோயின் கடுமையை 0 முதல் 18 வரை மதிப்பிடும் அளவுகோலில், மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் வித்தியாசம் 0.45 புள்ளி. சரிவு சற்று மெதுவானது, அவ்வளவுதான். போன நினைவு திரும்பவில்லை. 2023இல் முழு அனுமதி கிடைத்தது நியாயமே. என்றாலும் நினைவைத் தனியாகக் குறிவைக்க நிறைய இடம் பாக்கி இருக்கிறது.

எனவே கேள்வியை இப்படிச் சுருக்கி எழுதிக்கொள்ளுங்கள்: "லேசான மறதி தொடங்கிய கட்டத்தில், நினைவைப் பதியும் ஹிப்போகேம்பஸிலும் அதன் வாசலான என்டோரைனல் புறணியிலும், சினாப்ஸ்களைக் காப்பாற்ற எந்தப் புரதத்தைத் தொடலாம்?" நோயின் கட்டம், மூளையின் பகுதி, காக்க வேண்டிய பொருள் மூன்றும் அதில் வந்துவிட வேண்டும். டௌ முறுக்குகள் பெரும்பாலும் அந்த என்டோரைனல் பகுதியில் தொடங்கித்தான் மற்ற இடங்களுக்குப் போகின்றன. புது நினைவு முதலில் போவதற்கும் இதுவே காரணம்.

2. பட்டியலைத் திரட்டுங்கள், ஆனால் தரவரிசையை நம்பாதீர்கள்

முதலில் ஓபன் டார்கெட்ஸ் தளத்துக்குப் போய் அல்சைமர் என்று தட்டுங்கள். ஆயிரக்கணக்கான மரபணுக்கள் வரிசையாக வந்து விழும். மரபணு என்பது புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு, அதனால் புரதத்தை மரபணுவின் பெயரில்தான் தேட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மரபியல் சான்று, மருந்துச் சான்று, விலங்குச் சான்று, கட்டுரைகளில் எத்தனை முறை பேசப்பட்டது என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். மொத்த ஸ்கோரை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். அசிடைல்கோலினெஸ்டரேஸுக்கு ஏற்கெனவே மருந்து இருக்கிறது, அதனாலேயே அது மேல்வரிசையில் நிற்கும். பலரும் எழுதிய மரபணு, பலரும் எழுதினார்கள் என்பதற்காகவே உயரும். மருந்துச் சான்றையும் கட்டுரைச் சான்றையும் எடுத்துவிட்டு, மரபியல் கட்டங்களை மட்டும் வைத்து மறுபடி வரிசைப்படுத்துங்கள். இரண்டு வரிசைகளையும் எக்செலில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிப் பார்த்தால், புகழால் மேலே வந்தது எது, சான்றால் வந்தது எது என்று தெரிந்துவிடும்.

அப்புறம் அகோரா என்ற தளம். 2014இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் மருந்து கம்பெனிகளோடு சேர்ந்து தொடங்கிய ஏம்ப்-ஏடி திட்டத்தின் பலன் இது. இறந்தவர்கள் தானம் தந்த மூளைகளில் ஒவ்வொரு மரபணுவும் எந்தப் பகுதியில் கூடியிருக்கிறது, எங்கே குறைந்திருக்கிறது என்று படமாகவே காட்டும். ஆய்வுக் குழுக்கள் பரிந்துரைத்த நூற்றுக்கணக்கான இலக்குகளின் பட்டியலும், யார் எந்தக் காரணத்துக்காகப் பரிந்துரைத்தார்கள் என்ற குறிப்பும் அதில் உண்டு. புதியவர்கள் அந்தக் காரணங்களைப் படித்தாலே பாதி பாடம் முடிந்தது.

இரண்டு தளங்களிலிருந்தும் முப்பது நாற்பது பெயர் எடுத்தால் தாராளம்.

3. நோயால் மாறியதா, மாறியதால் நோயா?

தப்பு அதிகம் நடக்கும் இடம் இதுதான். அல்சைமர் மூளைத் துண்டையும் ஆரோக்கியமான மூளைத் துண்டையும் அரைத்து, மரபணுக்கள் எவ்வளவு வேலை செய்கின்றன என்று காட்டும் ஆர்என்ஏவை அளந்தால், சினாப்ஸ் சம்பந்தப்பட்ட நூற்றுக்கணக்கான மரபணுக்கள் குறைந்திருக்கும். "ஆகா, இதைக் கூட்டிவிட்டால் நினைவு வந்துவிடும்" என்று தோன்றும். பொறுங்கள். அந்தத் துண்டில் நியூரான்களே குறைவு. நியூரானில் மட்டும் இருக்கிற எந்த மரபணுவை அளந்தாலும் குறைவாகத்தான் காட்டும். ஓரளவு அதே காரணத்தால், நியூரான்களைத் தாங்கும் ஆஸ்ட்ரோசைட் செல்களின் அடையாளமான ஜிஎஃப்ஏபி கூடியிருக்கும். வயல் காய்ந்த வருஷம் களத்தில் நெல் குறைந்ததைப் பார்த்து, நெல் குறைந்ததால்தான் வயல் காய்ந்தது என்று சொல்வது போன்ற கதை இது.

இதிலிருந்து தப்பிக்க இரண்டு வழி.

ஒன்று, செல் செல்லாகப் பிரித்து எடுத்த தரவைப் பார்ப்பது. 2019இல் எம்ஐடி குழு 48 பேரின் மூளைகளிலிருந்து எண்பதாயிரத்துச் சொச்சம் செல் கருக்களைப் பிரித்து அளந்தது. அதன் பிறகு சியாட்டிலின் ஆலன் நிறுவனம் 84 பேரின் மூளையிலிருந்து இன்னும் பெரிய வரைபடம் போட்டுப் பொதுவில் வைத்திருக்கிறது. உங்கள் மரபணு, ஒரே வகை நியூரானுக்குள்ளேயே குறைகிறதா, இல்லை அந்த நியூரான்களின் எண்ணிக்கை குறைந்ததால் குறைந்தது போலத் தெரிகிறதா என்று அங்கே சரிபார்க்கலாம். அந்தச் சியாட்டில் தரவில் சொமாட்டோஸ்டாடின் சுரக்கும் தடுப்பு நியூரான்கள் (மற்ற நியூரான்களை அடக்கும் வகை) ஆரம்பக் கட்டத்திலேயே குறைவதாகத் தெரிய வந்தது. மறதி வெளியே தெரிவதற்கு முன்பே ஒரு செல் வகை போகிறது என்றால், அங்கே போய்த் தேடுவதில் அர்த்தம் இருக்கிறது.

இரண்டாவது, மரபியல். பிறக்கும்போதே வந்துவிடும் மரபணு வேறுபாட்டை எழுபது வயதில் வரும் நோய் உண்டாக்கியிருக்க முடியாது. அதனால் காரணம் எது, விளைவு எது என்ற குழப்பத்தை இது பெரும்பாலும் தீர்த்துவிடும். மரபியல் ஆதாரம் உள்ள இலக்குகள் மருந்தாகி வெளிவரும் வாய்ப்பு, ஆதாரம் இல்லாதவற்றைவிட 2.6 மடங்கு என்று 2024இல் வந்த ஒரு பெரிய கணக்கு சொல்கிறது. எல்லா நோய்களையும் சேர்த்துப் பார்த்த கணக்கு அது. அல்சைமருக்கு 2022இல் வெளியான ஆய்வு 75 மரபணு இடங்களைக் காட்டியது. இடம் என்றுதான் சொல்கிறேன், மரபணு என்று சொல்லவில்லை. கட்டுரையில் அந்த இடத்துக்கு ஒரு மரபணுவின் பெயர் வைத்திருப்பார்கள். பல நேரங்களில் அது பக்கத்தில் இருப்பதால் வைத்த பெயர். உண்மையான குற்றவாளி நாலு வீடு தள்ளி இருக்கலாம். ஓபன் டார்கெட்ஸில் அந்த இடத்தைத் திறந்தால் எந்த மரபணுவுக்கு எவ்வளவு வாய்ப்பு என்று மதிப்பெண் போட்டிருப்பார்கள். அதைப் பார்க்காமல் பெயரை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு விஷயம். இந்த ஆய்வுகளில் கலந்துகொண்டவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா (அல்சைமர் உட்பட்ட நினைவிழப்பு நோய்கள்) இருப்பதாக, முதியோரை ஆராயும் லாசி-டேட் ஆய்வு மதிப்பிட்டது. அதே ஆய்வில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் முழு மரபணுத் தொகுதியும் படிக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் தேர்ந்தெடுத்த வேறுபாடு நம் மக்களிடம் இருக்கிறதா, எவ்வளவு பேரிடம் இருக்கிறது என்று ஒரு வரியாவது உங்கள் அறிக்கையில் வர வேண்டும்.

4. கூட்டவா குறைக்கவா, எவ்வளவு, எப்போது?

மரபணு சரியாக அமைந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்களுக்காகவே பேஸ்1 கதை இருக்கிறது. இதை ஒரு தடவை முழுக்கப் படிப்பது, பத்து வெற்றிக் கதை படிப்பதைவிட உபயோகம்.

ஏபிபி என்ற நீளமான புரதத்தை முதலில் பேஸ்1 என்ற நொதி வெட்டுகிறது, பிறகு காமா செக்ரட்டேஸ் வெட்டுகிறது. விழும் துண்டுதான் அமிலாய்டு பீட்டா. 1999இல் பேஸ்1 கண்டுபிடிக்கப்பட்டதும் மருந்து கம்பெனிகள் வரிசை கட்டின. 2012இல் அதற்கு ஒரு அருமையான மரபியல் சான்றும் கிடைத்தது. ஐஸ்லாந்துக்காரர்களில் சிலருக்கு ஏபிபியில், பேஸ்1 வெட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே, ஒரு சிறு மாற்றம் இருக்கிறது. அவர்களிடம் அமிலாய்டு உற்பத்தி ஏறத்தாழ 40 சதவீதம் குறைவு. அல்சைமர் அவர்களுக்கு அரிது. முதுமையில் நினைவும் மற்றவர்களைவிட மேல். இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

வெருபெசெஸ்டாட் என்ற பேஸ்1 தடுப்பான் மாத்திரை பெரிய சோதனைக்குப் போனது. தண்டுவட நீரில் அமிலாய்டு பாதிக்கு மேல் சரிந்தது, அதாவது மருந்து சொன்ன வேலையைச் செய்தது. ஆனால் 2017இல் ஒரு சோதனையும் 2018இல் இன்னொன்றும் நின்றன. ஆரம்பக் கட்ட நோயாளிகளிடம் மருந்து எடுத்தவர்களின் நினைவு, எடுக்காதவர்களைவிட மோசமாகிவிட்டது. மற்ற கம்பெனிகளின் பேஸ்1 தடுப்பான்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிடப்பட்டன.

ஐஸ்லாந்துக்காரர்களிடம் இருப்பதும் மாத்திரை செய்வதும் ஒன்றில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. அவர்களிடம் ஏபிபி மட்டும் குறைவாக வெட்டுப்படுகிறது. பேஸ்1 நொதி தன் மற்ற வேலைகளை வழக்கம்போல் பார்க்கிறது. மாத்திரை நொதியையே கட்டிப்போடுகிறது. புரதங்களின் தகவல் தளமான யூனிபுராட்டில் பேஸ்1 பக்கத்தைத் திறந்து, அப்படியே கட்டுரைகளிலும் "இது வேறு எதையெல்லாம் வெட்டும்" என்று தேடிப் பாருங்கள். நரம்புறைக்குத் தேவையான நியூரெகுலின், சினாப்ஸில் வேலை பார்க்கும் செஸ்6 என்று பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். பேஸ்1ஐ நீண்ட நாள் தடுத்த எலிகளில் டென்ட்ரைட் என்ற நியூரான் கிளையின் முட்கள் குறைந்தன. அந்த முட்களில்தான் சினாப்ஸ் உட்காரும். நினைவைக் காக்கப் போன மருந்து நினைவின் இருப்பிடத்திலேயே கை வைத்துவிட்டது. தவிர, அவர்களுக்குக் குறைவு பிறவியிலிருந்து, மிதமான அளவில். மாத்திரை கொடுத்ததோ எழுபது வயதில், திடுமென்று, அதிக அளவில்.

அதனால் உங்கள் எக்செலில் ஒவ்வொரு பெயருக்கும் நாலு கட்டம் சேருங்கள்: கூட்ட வேண்டுமா குறைக்க வேண்டுமா, இயற்கையில் காணும் மாற்றம் எத்தனை சதவீதம், வாழ்க்கையின் எந்தக் கட்டத்தில், அந்தப் புரதம் வேறு என்னென்ன வேலை செய்கிறது. நாலில் இரண்டு காலியாக இருந்தால் அந்தப் பெயரைக் கீழே தள்ளிவிடுங்கள்.

திசை தெரிந்தும் தோற்ற கதை உண்டு. ட்ரெம்2 என்ற மைக்ரோகிளியா ஏற்பியில் ஒரு மாற்றம் இருந்தால் நோய் வாய்ப்பு இரண்டு முதல் நாலு மடங்கு என்று 2013இல் தெரிந்தது. செயல் குறைவதுதான் ஆபத்து, ஆகவே தூண்டலாம் என்று ஏஎல்002 என்ற ஆன்டிபாடி செய்தார்கள். 2024இல் இரண்டாம் கட்டச் சோதனையில் பலன் தெரியவில்லை.

5. நோய் இருந்தும் மறக்காதவர்களைப் பாருங்கள்

என்னைக் கேட்டால், நினைவைக் குறிவைக்கிறவர்கள் நேரத்தை அதிகம் செலவிட வேண்டிய படி இது. சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழகத்தில் 1994 முதல் துறவிகளையும் கன்னியாஸ்திரிகளையும், 1997 முதல் பொதுமக்களையும் ஆண்டுதோறும் நினைவுச் சோதனை செய்து, இறந்த பின் மூளையைத் தானமாகப் பெற்று ஆராய்கிறார்கள். ரோஸ்மேப் என்று சொல்வது இந்த இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துத்தான். அதில் அமிலாய்டும் டௌவும் மூளை நிறைய இருந்தும், கடைசி வருடம் வரை தெளிவாக இருந்தவர்கள் உண்டு. அவர்களுடைய மூளையில் கூடுதலாக இருக்கும் புரதம் எது என்று கேட்டால், "நோயாளி, ஆரோக்கியசாலி" என்ற வழக்கமான ஒப்பீட்டில் கிடைக்காத பெயர்கள் கிடைக்கும்.

அப்படி வந்த ஒரு பெயர் நியூரிடின். ரோஸ்மேப் புரதத் தரவில் தாக்குப்பிடிப்போடு சேர்ந்து வந்தது. பிறகு தட்டில் வளர்த்த நியூரான்களில் அமிலாய்டு போட்டபோது முட்களைக் காத்ததாக 2023இல் காட்டினார்கள். இன்னொன்று என்பிடிஎக்ஸ்2. இதை, மற்றவற்றைத் தூண்டும் கிளர்ச்சி நியூரான்கள் சுரக்கின்றன. தடுப்பு நியூரான்களின் மேலுள்ள சினாப்ஸ்களைப் பலப்படுத்துகிறது. அல்சைமர் மூளையில் குறைகிறது. தண்டுவட நீரில் எவ்வளவு இருக்கிறது என்பது நினைவு மதிப்பெண்ணோடு பொருந்திப் போகிறது.

என்பிடிஎக்ஸ்2ஐ நாம் இதுவரை பார்த்த சல்லடையில் போட்டுப் பாருங்கள். சினாப்ஸ், நினைவு இரண்டிலும் நல்ல மதிப்பெண். பெரிய மரபியல் ஆய்வில் அதற்குப் பலமான ஆதாரம் கிடையாது. வேறு சில மூளை நோய்களிலும் குறைகிறது, ஆக இது விளைவாகவும் இருக்கலாம். குறைப்பதைவிடக் கூட்டுவது கஷ்டம்; செல்லுக்கு வெளியே சுரக்கும் புரதத்தைக் கூட்ட ஒரு சாதாரண மாத்திரை போதுமா என்பதும் கேள்வி. என் தீர்ப்பு: நோயின் போக்கைக் கண்காணிக்க அருமையான அளவுகோல், இலக்காக எடுப்பதற்கு இன்னும் சான்று வேண்டும். இப்படி ஒரு பெயரைத் தகுந்த காரணம் சொல்லி ஒதுக்கினாலும் அது முழுமையான வேலைதான்.

தாக்குப்பிடிப்புக்கு மரபியலிலும் சான்று உண்டு. கொலம்பியாவின் அந்தியோக்கியா மாநிலத்தில் பிரெசெனிலின்1 மரபணு மாற்றம் பரம்பரையாக வரும் பெரிய குடும்பம் இருக்கிறது. அந்த மாற்றம் உள்ளவர்களுக்கு நாற்பதுகளின் நடுவிலேயே மறதி தொடங்கிவிடும். அவர்களில் ஒரு பெண்மணிக்கு எழுபது வயதைத் தாண்டித்தான் தொடங்கியது. மூளை முழுக்க அமிலாய்டு, டௌ மட்டும் குறைவு. அல்சைமரோடு தொடர்புடைய ஏப்போஈ மரபணுவில் கிறைஸ்ட்சர்ச் என்ற அரிய மாற்றம் அவருக்கு இரண்டு பிரதியிலும் இருந்ததை 2019இல் வெளியிட்டார்கள். ஒருவரை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. ஆனால் ஏப்போஈயை எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்பதற்கு இதைவிட நேரடியான குறிப்பு கிடைப்பது அபூர்வம்.

6. எந்தச் செல், எந்த வழி

மிச்சமிருக்கும் நாலைந்து பெயர்களை ஹியூமன் புரோட்டீன் அட்லஸில் தட்டுங்கள். மூளையில் எந்தச் செல்லில், உடம்பில் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று தெரியும். இதயத்திலும் கல்லீரலிலும் நிறைய இருந்தால் பக்கவிளைவு காத்திருக்கிறது என்று அர்த்தம். காமா செக்ரட்டேஸைத் தடுத்த செமகாசெஸ்டாட் 2010இல் நின்றதற்கு, நினைவு மோசமானதோடு தோல் புற்றுநோய் கூடியதும் காரணம். அந்த நொதி நாட்ச் என்ற இன்னொரு முக்கியப் புரதத்தையும் வெட்டுகிறது.

அடுத்து, ரத்தத்தில் இருப்பவை எளிதில் மூளைக்குள் போகாமல் காக்கும் ரத்த-மூளைத் தடுப்பு. சிறிய, கொழுப்பில் ஓரளவு கரையும் மூலக்கூறுகள் தாண்டும். ஆன்டிபாடிகளில் ஆயிரத்தில் ஒரு பங்கு உள்ளே போனாலே அதிகம். நொதியும் ஏற்பியும் வழக்கமாக எளிது. இரண்டு புரதங்கள் ஒட்டுவதைத் தடுப்பதும், குறைந்த புரதத்தைக் கூட்டுவதும் கடினம். சேர்மங்களின் பதிவேடான கெம்பிள் தளத்தில் உங்கள் புரதத்தோடு ஒட்டும் சேர்மம் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். டாக்கிங் ஆசை இருந்தால் இப்போது செய்யலாம், வல்லாரையோடு கூட.

7. லேப் நண்பரிடம் கொடுக்கும் முன்

சோதனையை நீங்கள் செய்யாவிட்டாலும், எந்தச் சோதனை எதைக் காட்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். 5எக்ஸ்ஃபேட் என்ற எலியை எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். மனிதக் குடும்பங்களில் கண்ட ஐந்து மாற்றங்களை அதில் புகுத்தியிருப்பதால் இரண்டே மாதத்தில் அமிலாய்டு படியும். ஆனால் மனிதர்களில் வருவது போன்ற டௌ முறுக்குகள் வராது. உங்கள் இலக்கு டௌவின் வழியாக வேலை செய்வதாக இருந்தால் இந்த எலி எதையும் நிரூபிக்காது.

நினைவைச் சோதிக்கத் தண்ணீர்த் தொட்டியில் மறைந்திருக்கும் மேடையைத் தேடி நீந்த விடுவார்கள். சுவரில் உள்ள அடையாளங்களைப் பார்த்து மேடை இருக்கும் இடத்தை எலி நினைவு வைத்துக்கொள்ள வேண்டும். 5எக்ஸ்ஃபேட்டின் கலப்பின வகையில் சில எலிகளுக்கு விழித்திரை அழியும் மரபணு மாற்றமும் கூடவே வந்துவிடும். பார்வை இல்லாத எலி மேடையைக் கண்டுபிடிக்காமல் சுற்றும். ஆய்வாளர் மறதி என்று எழுதிவிடுவார். ஒரு கட்டுரையைப் படிக்கும்போது, அந்த மாற்றத்தைப் பரிசோதித்து விலக்கினார்களா, மேடை வெளியே தெரியும்படி வைத்தும் நீந்தவிட்டார்களா, நீந்தும் வேகத்தை அளந்தார்களா, ஆண் பெண் எலிகளைப் பிரித்துக் காட்டினார்களா என்று செய்முறைப் பகுதியில் தேடுங்கள். இல்லையென்றால் அந்தச் சான்றுக்குப் பாதி மதிப்பெண் போதும்.

ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த மனித நியூரான் நல்ல மாற்று. ஆனால் அது வயதில் சிசு மாதிரி. அதிலுள்ள டௌவும் பெரும்பாலும் கருவில் இருக்கும் வகை. முதுமையின் நோயை அதில் பார்க்கும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

8. அந்த ஒரு பக்கம்

மேலே புரதத்தின் பெயர். அதன் கீழே கேள்வி, திசை, செல், கட்டம். பிறகு ஆதரவான சான்றுகளில் மிகப் பலமான மூன்று, எதிரான சான்றுகளில் மிகப் பலமான இரண்டு. எதிரான சான்று கிடைக்கவில்லை என்றால் நீங்கள் தேடவில்லை என்றுதான் படிப்பவர் நினைப்பார். அதற்கடுத்து, எந்தச் சோதனையில் என்ன முடிவு வந்தால் இந்த இலக்கைக் கைவிடுவீர்கள் என்று ஒரு வாக்கியம். சோதனை தொடங்கும் முன்பே தேதி போட்டு எழுதுங்கள். முடிவு வந்த பிறகு எழுதினால் எல்லோரும் தங்களுக்குச் சாதகமாகவே எழுதுவார்கள்.

ரோஸ்மேப்பில் தனிநபர் அளவிலான தரவு வேண்டுமானால் விண்ணப்பம் போட்டு, கல்வி நிறுவனத்தின் கையெழுத்தோடு ஒப்பந்தம் செய்ய வேண்டும். கல்லூரியில் அந்தக் கையெழுத்து வாங்க வாரக்கணக்கில் ஆகலாம். ஆகவே முதல் படியைத் தொடங்கும் நாளிலேயே விண்ணப்பத்தையும் போட்டுவிட்டு, அது வரும்வரை அகோராவில் வேலையைப் பாருங்கள்.